மேல்வீட்டுச் சத்தமும் 41 குறிப்புகளும்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 37. மடிப்பாக்கத்தில் 12 வீடுகள் உள்ள அடுக்குமாடியில், இரண்டாவது மாடியில் இருக்கிறோம். கணவருக்கு ஒரகடத்தில் ஷிஃப்ட் வேலை. மகன் நாலாவது படிக்கிறான். நான் ஒரு தனியார் கம்பெனியில் 11 வருடம் அக்கவுண்ட்ஸ் பார்த்தேன். ஜனவரியில் ஆட்குறைப்பு என்று சொல்லி எங்கள் பிரிவையே எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து வீட்டில்தான்.

பிப்ரவரி கடைசியில் அசோசியேஷன் மீட்டிங். சம்ப் கழுவியதற்கும் மோட்டாருக்குக் காயில் கட்டியதற்கும் பில் எங்கே என்று கேட்டேன். ஆறு வருடமாகப் பொருளாளராக இருப்பவர், எங்களுக்கு நேர் மேலே மூன்றாவது மாடியில் இருக்கிற அங்கிள். "எல்லாம் ஃபைல்ல இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். நடந்தது அவ்வளவுதான். அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொன்றாக ஆரம்பித்தது.

ராத்திரி நான் பெட்ரூம் லைட்டை அணைத்ததும் மேலே தட்டென்று ஒரு சத்தம். பிறகு நாற்காலியை இழுக்கிற மாதிரி. சில நாள் கோலிக்குண்டை உருட்டிவிட்டது போல டக் டக் டக்கென்று ஓடி நிற்கும். அந்த வீட்டில் சின்னப் பிள்ளைகளே கிடையாது. காலையில் ஆறரைக்கு நான் குளிக்கப் போகிற நேரம் பார்த்துத் தண்ணீர் நூலாகிவிடும். மொட்டை மாடிச் சாவி அவரிடம்தான் இருக்கிறது. ஏழு வாரத்தில் என் ஸ்கூட்டர் மூன்று முறை பஞ்சர், மூன்றும் பின்சக்கரம். வாசல் கோலம் இரண்டு நாள் மிதிபட்டுக் கிடந்தது. ஒரு அமாவாசையன்று ஸ்கூட்டர் பக்கத்தில் குங்குமம் தடவிய அரை எலுமிச்சம்பழம். தண்ணீர் விஷயமாக வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு முறை போட்டேன். மெசேஜ் இன்ஃபோவில் 14 பேர் படித்ததாகக் காட்டுகிறது, ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அங்கிள் "நாளை லிஃப்ட் சர்வீஸ்" என்று போட்டால் ஐந்து நிமிடத்தில் கட்டைவிரல் வரிசையாக நிற்கிறது.

எதையும் தேதி போட்டு எழுதித்தான் எனக்குப் பழக்கம். பத்து வாரத்தில் 41 குறிப்புகள் இருக்கின்றன: சத்தம் 26, தண்ணீர் 7, பஞ்சர் 3, கோலம் 2, குரூப் 2, எலுமிச்சை 1. இத்தனையும் தற்செயலாக இருக்குமா? கணவரிடம் நோட்டைக் காட்டினால் "நீ ரொம்ப யோசிக்கிறே" என்கிறார். மாமியார் ஒரு ஜோசியரிடம் கேட்டுவிட்டு வந்து, "மேலே இருந்து ஒரு பார்வை விழுதாம்" என்றார். எனக்குப் பகீரென்றது. அந்த ஆன்ட்டி போன மாதம் மாவடு கொடுத்தனுப்பினார். அதெல்லாம் ஒப்புக்குச் செய்வது. டப்பாவை நான் இன்னும் திருப்பித் தரவில்லை.

ஒரு மணி, இரண்டு மணி வரை தூக்கம் வருவதில்லை. அவர் வேண்டுமென்றேதான் செய்கிறாரா, இல்லை எனக்குத்தான் ஏதாவது ஆகிவிட்டதா? படிக்கட்டைப் பார்த்து ஒரு கேமரா வைக்கலாமா? நேராகப் போய்க் கேட்டுவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை.

*

அன்புள்ள வாசகிக்கு,

இரண்டில் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே இல்லாமல் இருப்பதற்கு நிறைய இடம் இருக்கிறது. உங்கள் நோட்டிலிருந்தே தொடங்குகிறேன். கடிதத்திலேயே எனக்கு மிகவும் பயன்பட்ட பகுதி அதுதான்.

பத்து வாரம் என்றால் 70 இரவுகள். அதில் 26 இரவு சத்தம். மிச்சம் 44 இரவுகளும் நீங்கள் லைட்டை அணைத்திருப்பீர்கள். அந்த இரவுகளுக்கு நோட்டில் ஒரு வரிகூட இல்லை. 11 வருடம் கணக்குப் பார்த்தவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை: பற்று மட்டும் ஏற்றி வரவை ஏற்றாத பேரேட்டை உங்கள் மேசைக்கு யாராவது கொண்டுவந்தால், கூட்டல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மாட்டீர்கள், திருப்பி அனுப்பிவிடுவீர்கள். இந்த நோட்டில் நீங்கள் எழுதிய எதுவும் பொய் இல்லை. ஒரு பக்கம் விடுபட்டிருக்கிறது. தண்ணீருக்கும் அப்படியே. 7 நாள் நூலாக வந்தது, 63 நாள் எப்படி வந்தது?

வரவுப் பக்கம் ஏன் விடுபடுகிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நடக்காத ஒன்றை மனம் நிகழ்ச்சியாகவே எடுத்துக்கொள்வதில்லை. நடந்ததற்கோ "எப்படி" என்று கேட்பதற்கு முன்னால் "யார்" என்று கேட்டுவிடுகிறது. 1944-இல் ஃபிரிட்ஸ் ஹைடர், மரியான் சிம்மல் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சின்ன அசைபடம் தயாரித்தார்கள். ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு வட்டம், கதவு மாதிரித் திறந்து மூடும் ஒரு கட்டம், அவ்வளவுதான் படம். பார்த்த 34 பேரிடம் என்ன பார்த்தீர்கள் என்று எழுதச் சொன்னபோது, வடிவங்கள் நகர்ந்தன என்று எழுதியவர் ஒரே ஒருவர். மற்றவர்களில் பெரும்பாலோர் பெரிய முக்கோணம் மிரட்டுகிறவன், வட்டம் ஒரு பெண், சின்ன முக்கோணம் அவளைக் காப்பாற்றுகிறவன் என்று குடும்பக் கதையே எழுதிவிட்டார்கள். காகிதத்தில் வெட்டிய முக்கோணத்துக்கே நாம் உள்நோக்கம் கொடுத்துவிடுகிறோம். மீட்டிங்கில் எழுந்துபோன ஒரு மனிதருக்குக் கொடுப்பதில் என்ன அதிசயம்?

இந்தப் பழக்கம் நமக்கு வாய்த்ததற்குக் காரணம் இருக்கிறது. புதரில் சலசலப்புக் கேட்டால் காற்றாக இருந்தும் ஓடிப்போனவனுக்கு மூச்சிரைப்பு மட்டும்தான் நஷ்டம். விலங்காக இருந்து நின்றவனுக்கு உயிர் நஷ்டம். அதனால் மனத்தின் எச்சரிக்கை மணி தேவைக்கு அதிகமாகவே அடிக்கும்படி அமைந்திருக்கிறது என்பது அறிதல் உளவியலில் பலர் ஏற்கும் விளக்கம். பயம் ஏறியிருக்கும்போது அது இன்னும் சுலபமாக அடிக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம்மவர்கள் இதைத்தான் சொன்னார்கள். ஆனால் அந்தப் பழமொழியை வைத்து அரண்டவரைக் கேலி செய்கிறோமே, அதில் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் கணவர் சொன்ன "ரொம்ப யோசிக்கிறே"வும் அந்த ரகம்தான். இன்னொரு கேள்வியை எப்படிக் கேட்பது என்பதை அது சொல்லித் தருவதில்லை.

இப்போது ஒவ்வொன்றாக "எப்படி" என்று கேட்போம்.

கோலிக்குண்டுச் சத்தம்: அடுக்குமாடிகளில் இருக்கும் ஏராளமானவர்களின் பழைய புகார் இது. மேலே குழந்தை இல்லாத வீட்டில், சில சமயம் ஆளே இல்லாத வீட்டில் கேட்கும். குழாயில் ஓடும் தண்ணீர் சட்டென்று நிற்கும்போது உள்ளே அழுத்தம் முன்னும் பின்னும் மோதி, குழாய் சுவரைத் தட்டும். கான்கிரீட் அதைப் பல அடி தூரம் கடத்திவிடும். அதனால் எங்கே பிறந்த சத்தம் என்று காதால் சொல்ல முடியாது. மேலிருந்து வருவதாகத் தோன்றுவது பக்கத்து வீட்டுக் குழாயாகவோ, கீழ்வீட்டு ஃப்ளஷ்ஷாகவோ இருக்கலாம். தட்டென்ற சத்தமும் இழுக்கும் சத்தமும் மேல்வீட்டினுடையதாகவே இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் நீங்கள் படுக்கும் நேரம் அவர்களும் படுக்கும் நேரம்தானே? நாற்காலியை ஓரம் தள்ளுவது, பால்கனிக் கதவை அடைப்பது, தாழ்ப்பாள் போடுவது எல்லாம் அந்த அரை மணிக்குள்தான் நடக்கும். டிவியும் மிக்ஸியும் ஓய்ந்தபிறகு எல்லாமே இரண்டு மடங்காகக் கேட்கும். "லைட் அணைத்ததும்" என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை நிமிடத்தில் என்று 26 குறிப்பில் ஒன்றிலாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீர்: உங்கள் மாதிரிக் கட்டடங்களில் மேலிருந்து கீழாக ஒரு வரிசை பாத்ரூம்களுக்கு ஓவர்ஹெட் டேங்கிலிருந்து பெரும்பாலும் ஒரே குழாய்தான் இறங்கும். அந்த லைனின் வால்வை அங்கிள் மொட்டை மாடியில் மூடினால் முதலில் வறண்டுபோவது அவருடைய பாத்ரூம். ஒரே லைனில் கீழ்வீட்டில் குழாயைத் திறந்தால் மேலே இருப்பவருக்கு அழுத்தம் குறையும். அதனால் ஆறரைக்குத் தண்ணீர் நூலானால் கேட்க வேண்டியது மாடிச் சாவி யாரிடம் என்றில்லை. முதல் மாடியில் யார் குளிக்கிறார்கள், டேங்கில் எவ்வளவு இருக்கிறது, மோட்டார் எத்தனை மணிக்குப் போடுகிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் லைன் தனியா, பொதுவா என்று பிளம்பர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

பஞ்சரில் எனக்குக் கொஞ்சம் கூடுதல் ஆர்வம் உண்டு, ஏனென்றால் இதைக் கையால் தொட்டுப் பார்த்தே தீர்த்துவிடலாம். ஒட்டிய கடையில் மூன்று ஓட்டையும் எங்கே என்று கேளுங்கள். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே இடம் என்றால் டயரின் உள்பக்கத்தில் ஒரு கம்பித் துணுக்கு புதைந்து கிடக்கலாம். ட்யூபை மட்டும் ஒட்டி மாட்டினால் அது மறுபடி குத்தும். டயரைக் கழற்றியதும் உள்பக்கமாகப் பழைய துணியால் தடவச் சொல்லுங்கள், கம்பி இருந்தால் அந்த இடத்தில் துணி மாட்டும். ட்யூப்லெஸ் என்றால் முதலில் செருகிய ஒட்டே கசிகிறதா என்று சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பின்சக்கரம்தான் அதிகம் பஞ்சராகும். பாரம் அங்கேதான், முன்சக்கரம் கிளப்பிவிட்ட ஆணி நிமிர்ந்து நின்று குத்துவதும் அதைத்தான். மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளில் கட்டுக்கம்பித் துண்டுக்குப் பஞ்சமில்லை. ஓட்டை தரையில் படும் பகுதியில் இல்லாமல் டயரின் பக்கவாட்டில் இருந்தால் விஷயம் வேறு. நிற்கிற வண்டியில் குத்துபவருக்கு அங்கேதான் கை வசதியாக எட்டும். அப்படி இருந்தால் உங்கள் சந்தேகத்தை நான் பாதியிலேயே தட்டிவிட மாட்டேன்.

"ஏழு வாரத்தில் மூன்று" என்ற கொத்துதான் உங்களை உலுக்கியிருக்கிறது. தற்செயல் என்றால் சீராகப் பரவியிருக்கும் என்று எல்லோருமே நினைக்கிறோம். அது அப்படி இருப்பதில்லை. 1944-இல் ஜெர்மனி ஏவிய பறக்கும் குண்டுகள் லண்டனில் சில பகுதிகளைக் குறிவைத்து விழுகின்றன என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். ஆர். டி. கிளார்க் என்ற காப்பீட்டுக் கணக்கர் தென் லண்டனை 576 சம கட்டங்களாகப் பிரித்து, அங்கே விழுந்த 537 குண்டுகளை எண்ணி 1946-இல் வெளியிட்டார். 229 கட்டங்களில் ஒரு குண்டுகூட விழவில்லை. 35 கட்டங்களில் மூன்று மூன்று, 7 கட்டங்களில் நான்கு நான்கு. குறியே இல்லாமல் கண்மூடித்தனமாக விழுந்தால் எத்தனை கட்டம் காலியாக இருக்கும் என்று கணக்குப் போட்டால் 227 வருகிறது, இருந்தது 229. நான்கு விழுந்த கட்டத்தில் குடியிருந்தவரிடம் போய் இது தற்செயல் என்று சொல்லியிருந்தால் அவர் அடித்துத் துரத்தியிருப்பார்.

எலுமிச்சைக்கு ஒரே கேள்வி: அன்று அந்த ஸ்டில்ட் பார்க்கிங்கில் எத்தனை வண்டிகள் நின்றன? அமாவாசையன்று சென்னையில் வண்டிக்குச் சுற்றி எலுமிச்சை வைக்காத கட்டடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சக்கரத்தில் நசுங்கியதோ பூனை உருட்டியதோ ஏதாவது ஒரு வண்டிப் பக்கம் போய்த்தான் நிற்கும். கோலத்துக்கும் அதே பதில். மூன்றாவது மாடிக்குப் பால் பாக்கெட், கேஸ், கூரியர் என்று ஏறுபவர்கள் எல்லோரும் உங்கள் வாசலைக் கடந்துதான் போகிறார்கள்.

குரூப் விஷயத்தில் மட்டும் நான் உங்கள் பக்கம் அதிகம் சாய்கிறேன். பதில் வராதது வலிக்கும், அந்த வலி நிஜம். 2004-இல் ஆஸ்திரேலியாவில் செய்த ஒரு சோதனையில் கணினித் திரையில் பந்து எறியும் விளையாட்டு வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் உங்களுக்குப் பந்து வருவது நின்றுவிடும். எதிரில் விளையாடுவது மனிதர்கள் இல்லை, வெறும் கணினி என்று முன்கூட்டியே தெரிந்தவர்களுக்கும் ஒதுக்கப்பட்ட வேதனை வந்தது. அதாவது வேதனை இருப்பதை வைத்து யாரோ வேதனைப்படுத்தினார்கள் என்று சொல்லிவிட முடியாது. லிஃப்ட் சர்வீஸுக்குக் கட்டைவிரல் போடுவது சுலபம், யாரும் எதற்கும் பொறுப்பேற்க வேண்டாம். "தண்ணி ஏன் வரல" என்றால் பதில் சொல்பவர் ஏதாவது செய்தாக வேண்டும். அதனால்தான் பெரும்பாலும் 14 பேரும் மற்ற 13 பேரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அடுத்த முறை குரூப்பில் பொதுவாகப் போடாமல், முதல் மாடியில் ஒருவரைப் பெயர் சொல்லித் தனியாகக் கேளுங்கள்: "காலைல ஆறரைக்கு உங்க பாத்ரூம்ல ப்ரெஷர் எப்படி இருக்கு?"

மாவடுவுக்கு வருகிறேன். 41 குறிப்புகளும் "வேண்டுமென்றே", மாவடு மட்டும் "ஒப்புக்கு". இதற்கு ஒரு பெயர்பெற்ற சோதனை உண்டு. 2003-இல் ஜோஷ்வா நோப் என்ற தத்துவ ஆய்வாளர் நியூயார்க் பூங்கா ஒன்றில் இருந்தவர்களிடம் ஒரு கதை சொன்னார். ஒரு நிறுவனத் தலைவர் புதிய திட்டம் தொடங்குகிறார். சுற்றுச்சூழல் என்ன ஆகும் என்பதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை, லாபம் வந்தால் போதும் என்கிறார். கெட்டுப்போயிற்று என்ற முடிவைக் கேட்டவர்களில் 82 சதவீதம் பேர் அவர் வேண்டுமென்றே கெடுத்தார் என்றார்கள். மேம்பட்டது என்ற முடிவைக் கேட்டவர்களில் 77 சதவீதம் பேர் அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்றார்கள். இரண்டு கதையிலும் அவர் பேச்சும் மனமும் ஒன்றுதான். தீமை என்றால் உள்நோக்கம் தானாக ஒட்டிக்கொள்கிறது, நன்மை என்றால் உதிர்ந்துவிடுகிறது. மேல்வீட்டுக்கு நீங்கள் வைத்திருக்கும் கணக்கிலும் இதே சாய்வு இருக்கிறது.

இனி செய்ய வேண்டியது. பழைய நோட்டைப் பரணில் போடுங்கள், கிழிக்க வேண்டாம். புது நோட்டில் 20 இரவுகளுக்குக் கட்டம் போடுங்கள். தினமும் ராத்திரி பத்து மணிக்கு ஒரு காசைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் 10:15-க்கு லைட் அணைக்க வேண்டும், பூ விழுந்தால் 11:15-க்கு. எது விழுந்தாலும் டிவியையும் பேச்சையும் 10:15-க்கே நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் பூ விழுந்த இரவுகளில் பத்தரைச் சத்தம் காதில் விழாமலே போய், சோதனை கெட்டுவிடும். முதல் சத்தம் எத்தனை மணிக்கு என்று மட்டும் எழுதுங்கள். நள்ளிரவு வரை எதுவும் கேட்கவில்லை என்றால் "இல்லை" என்று எழுதியே ஆக வேண்டும். விளக்கமும் பெயரும் வேண்டாம். கணவர் வீட்டில் இருக்கும் நாள்களில் அவரும் தனியாக ஒரு சீட்டில் குறிக்கட்டும், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது.

20 நாள் கழித்துத் தலை இரவுகளையும் பூ இரவுகளையும் தனித்தனியாக வரிசைப்படுத்துங்கள். இரண்டு வரிசையிலும் சத்தம் பத்தரை, பத்தே முக்கால் என்று ஒரே நேரத்தை ஒட்டி விழுந்தால் அந்தச் சத்தத்துக்கு அதன் சொந்தக் கடிகாரம் இருக்கிறது, உங்கள் ஸ்விட்சைப் பார்த்து வரவில்லை. பூ இரவுகளில் சத்தமும் ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் உங்கள் சந்தேகத்துக்கு வலு கூடுகிறது. அப்போது மறுபடி எழுதுங்கள், வேறு வழி பேசுவோம். எந்த முடிவு வந்தால் எதை நம்புவேன் என்பதை முதல் நாளே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இது ஏன் முக்கியம் என்றால், முடிவு பிடிக்காதபோது மனம் "நான் சோதிக்கிறது அவருக்குத் தெரிஞ்சுடுச்சு" என்று புது வாசல் திறக்கும். அந்த வாசல் வழியாகப் போனால் எந்தச் சோதனையாலும் யாரையும் நிரபராதி என்று நிரூபிக்க முடியாது.

சுண்டிய காசின் வரிசையையும் கடைசியில் ஒருமுறை பாருங்கள். 20 முறையில் எங்காவது தொடர்ந்து நான்கு தலையோ நான்கு பூவோ விழுந்திருப்பதற்கு 100-க்கு 77 வாய்ப்பு. அப்படி விழுந்தபோது காசுக்கு உங்கள் மேல் கோபம் என்று தோன்றியிருக்காது.

தண்ணீருக்குச் சோதனை இன்னும் எளிது. நூலாகும் காலையில் உடனே முதல் மாடிக்கும், முடிந்தால் உங்கள் தளத்திலேயே வேறு லைனில் இருக்கும் வீட்டுக்கும் போன் செய்து வருகிறதா என்று கேளுங்கள். நன்றாக வந்த காலையையும் எழுத மறக்க வேண்டாம்.

இன்னொரு பயிற்சி, மனம் கொதிக்கும் நேரத்துக்கானது. ஒரு வட்டம் வரையுங்கள். அன்று நடந்ததற்கு இருக்கக்கூடிய காரணங்களை ஓரத்தில் பட்டியலிடுங்கள்: குழாய், கதவு, நேரம், உங்கள் தூக்கமின்மை, அடுத்த வீடு, எதுவாக இருந்தாலும். ஒவ்வொன்றுக்கும் எத்தனை சதவீதம் என்று வட்டத்தை வெட்டிக்கொண்டே வாருங்கள். மேல்வீட்டு அங்கிளின் பெயர் கடைசியாகத்தான் வர வேண்டும், மிச்சம் இருப்பதுதான் அவர் பங்கு. இந்த வரிசையை மாற்றினால் பயிற்சி வேலை செய்யாது. அவரை முதலில் எழுதினால் எடுத்ததும் 80 கொடுத்துவிடுவீர்கள், குழாய்க்கு இடமே இருக்காது. பங்கு பூஜ்யமாக வரவேண்டும் என்றும் இல்லை. மனிதர் சிடுமூஞ்சியாக இருக்கலாம், ஒரு நாள் எரிச்சலில் நாற்காலியை ஓங்கி வைத்திருக்கவும் கூடும். அதை இங்கிருந்து நான் எப்படிச் சொல்ல முடியும்?

கேமரா வேண்டாம். பொதுப் படிக்கட்டைப் படம் பிடிப்பது அடுத்த சண்டைக்கு அழைப்பு. அதைவிட முக்கியம், 24 மணி நேரப் பதிவு கையில் இருந்தால் ஒவ்வொரு நாளும் உங்கள் வாசலில் யார் இரண்டு விநாடி அதிகம் நின்றார்கள் என்று பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள். 41 என்பது 400 ஆகும், தூக்கம் போயே போய்விடும். நேராகப் போய்க் கேட்பதும் இப்போது வேண்டாம், 20 நாள் போகட்டும். அப்போது கேட்பதிலும் "ஏன் செய்றீங்க" என்ற வார்த்தையே வரக் கூடாது. "அங்கிள், ராத்திரி பத்தரைக்கு மேல நாற்காலி நகர்த்தினா கீழ எங்க பெட்ரூம்ல நல்லா கேக்குது, கால்ல ஒட்டுறதுக்கு ஃபெல்ட் வாங்கிட்டு வந்திருக்கேன், ஒட்டிப் பாக்கலாமா?" என்று கேளுங்கள். ஹார்டுவேர் கடையில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள் அது. பில் விவகாரத்தை அந்தப் பேச்சில் கலக்காதீர்கள். அது நியாயமான கேள்வி, அதை அடுத்த மீட்டிங்கில் எழுத்தில் கேளுங்கள்.

ஜோசியர் விஷயம். திருஷ்டிப் பூசணிக்காயால் யாருக்கும் கேடில்லை, சுற்றிப் போட்டால் மாமியாருக்கு நிம்மதி என்றால் சுற்றிப் போடட்டும். ஆனால் திசை காட்டி ஆளைக் குறிப்பிடும் வாக்குகளிலிருந்து விலகி இருங்கள். ஏற்கெனவே சந்தேகப்படுபவரிடம் "மேலே இருந்து" என்று சொன்னால் அது பாதி தீர்ப்பு.

ஜனவரியையும் மறந்துவிடக் கூடாது. 11 வருட வேலை, உங்கள் கையில் எதுவும் இல்லாமல் போனது. பிடி நழுவிய உணர்வில் இருப்பவர்கள் வெறும் புள்ளிக் குவியலிலும் உருவங்களை அதிகம் காண்கிறார்கள் என்று 2008-இல் ஓர் ஆய்வு வந்தது. பிறகு செய்தவர்கள் எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை, அதனால் அதை நான் அழுத்திச் சொல்லமாட்டேன். ஆனால் பகல் முழுக்க வேலை இல்லாமல், ராத்திரி நாலைந்து மணி நேரம் மட்டும் தூங்கி, மேலே காதை வைத்துக்கொண்டு படுத்திருக்கும் ஒருவருக்குச் சத்தம் பெரிதாகும் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. காலையில் எழும் நேரத்தை நிலையாக வையுங்கள், பிற்பகலுக்குப் பின் காபி வேண்டாம். தூக்கம் வராமல் புரண்டால் இருபது நிமிடத்தில் எழுந்து ஹாலுக்குப் போய்விடுங்கள். காது கூரையில் இருக்கும்போது படுக்கையில் கிடப்பதால் ஒரு லாபமும் இல்லை.

கடைசியாக, எப்போது காத்திருக்கக் கூடாது என்பது. 1958-இல் ஜெர்மன் மனநல மருத்துவர் கிளாஸ் கான்ராட், மனநோயின் தொடக்கக் கட்டத்தில் சம்பந்தமில்லாத எல்லாவற்றிலும் தனக்கான அர்த்தம் புலப்படத் தொடங்கும் நிலையை விவரித்தார். அங்கே சந்தேகம் இருக்காது, "தெரிந்துவிட்டது" என்ற உறுதி இருக்கும். நீங்கள் எனக்குக் கேள்விக்குறி போட்டு எழுதியிருக்கிறீர்கள், அது நல்ல அறிகுறி. ஆனால் ஆளில்லாத இடத்தில் உங்கள் பெயரைச் சொல்லிப் பேச்சுக் கேட்டாலோ, டிவியில் வருவது உங்களைக் குறித்தே என்று தோன்றினாலோ, சாப்பாட்டிலும் தண்ணீரிலும் ஏதோ கலந்திருக்குமோ என்று ஒதுக்க ஆரம்பித்தாலோ, அவருக்கோ உங்களுக்கோ தீங்கு செய்யும் எண்ணம் வந்தாலோ, 20 நாள் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம். 14416 என்பது மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண். இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. கணவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். இவை எதுவும் இல்லாமல் தூக்கம் மட்டும் இன்னும் இரண்டு வாரம் இப்படியே இருந்தாலும் ஒரு மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

ஒன்றுக்கு மட்டும் 20 நாள் காத்திருக்க வேண்டாம். ஆன்ட்டியின் டப்பா. வெறும் டப்பாவாகத் திருப்பித் தர மாட்டீர்கள் என்று தெரியும், நாலு அதிரசமோ கைப்பிடி சர்க்கரையோ போட்டுக் கொண்டுபோங்கள். சத்தத்தைப் பற்றி அன்று எதுவும் பேச வேண்டாம். உள்ளே கூப்பிட்டால் ஹாலில் நாற்காலி எந்தப் பக்கம் கிடக்கிறது, அதன் கால்களில் ரப்பர் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள்.